காத்தாடி விட ஆதார் எதுக்கு?

எந்தத் தாளாக இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை படிக்காமல் வேம்பு பேனாவைத் தொடமாட்டாள். திருவொற்றியூரில் ஷாகுல் ஹமீது பாய் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் பதினான்கு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, வாரிசுச் சான்று என்று எதற்கு மனு எழுத வேண்டுமானாலும் ஜனங்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள். எதிரில் நிற்பவர் கையிலிருக்கும் தாளை வாங்கித் திருப்பிப் பார்க்கக்கூட மாட்டாள். தலைகீழாகவே படித்துவிட்டு, "நைனா, இது உன் பேர்ல இல்ல, உன் தம்பி பேர்ல கீது" என்று சொல்லிவிடுவாள்.

கடையில் இந்தக் குணத்துக்கு மரியாதை இருந்தது. வீட்டில் அவ்வளவாக இல்லை. சிலிண்டர் வந்தால் எடை போடச் சொல்லி டெலிவரிக்காரரோடு மல்லுக்கட்டுவாள். மகள் எழில்மொழி கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். பின்னால் நின்ற வரிசை முழுவதும் முணுமுணுத்தது. எழில்மொழி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் உண்டு. வேம்பு பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, தீபாவளிக்கு முந்தின நாள், அவள் அப்பா வேலை பார்த்த பட்டறையில் போனஸ் ரெஜிஸ்டர் என்று சொல்லி ஒரு நோட்டை நீட்டினார்கள். கூடவே ஒரு ஸ்வீட் பெட்டி. அப்பாவுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். ஆனாலும் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பேனாவுமாக நின்றவர் நோட்டின் தலைப்பைப் பார்க்கவில்லை. தீபாவளி லீவு முடிந்து வேலைக்குப் போனால் கேட் திறக்கவில்லை. நாற்பது பேரும் தாங்களாகவே வேலையை விட்டு விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார் வாட்ச்மேன். அப்பா அதன்பிறகு கடைசிவரை மூட்டை தூக்கினார். அந்த ஸ்வீட் பெட்டியைத் தின்று தீர்த்தது வேம்புவும் அவள் தங்கையும்தான்.

சந்தேகம் எல்லா நேரமும் அவளுக்கு நல்லது செய்ததில்லை. மகன் தீனா நாலாவது படிக்கும்போது பள்ளியில் கண் பரிசோதனை முகாம் என்று சம்மதக் கடிதம் கொடுத்தனுப்பினார்கள். எந்த ஆஸ்பத்திரி, யார் டாக்டர் என்று அதில் போட்டிருக்கவில்லை. வேம்பு கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வருடம் பையன் கரும்பலகையே தெரியவில்லை என்று அழுத பிறகுதான் கண்ணாடி போட்டார்கள். ஒரு வருடம் மங்கலாகவே படித்திருக்கிறான். அதை அவள் புருஷன் லோகநாதன் அடிக்கடி சொல்லமாட்டான். சொன்னால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

லோகநாதன் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுபவன். குடியிருப்பது எண்ணூர் கத்திவாக்கத்தில். போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், கடலோரம் இருக்கிற ஒரு ஃபேக்டரியிலிருந்து வாயு கசிந்து தெரு முழுக்கக் கண் எரிந்தது. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு எல்லாரும் ரயில் ஸ்டேஷன் பக்கம் ஓடினார்கள். எழில்மொழி பிளாட்பாரத்திலேயே வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு ஃபேக்டரியிலிருந்து ஒருவரும் தெருப்பக்கம் வரவில்லை. வேம்பு மூன்று மனு எழுதிப் போட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

இப்படி இருக்கையில்தான் பொங்கல் முடிந்த கையோடு ஒரு நோட்டீஸ் வந்தது. வழவழப்பான தாள். 'கடலோரக் காத்தாடித் திருவிழா. குடும்பத்தோடு வாரீர். காத்தாடியும் நூலும் இலவசம். மதிய உணவு உண்டு. ஆதார் எண்ணுடன் வரவும்.' நடத்துபவர்கள் வண்ண அலை அறக்கட்டளையாம். வேம்பு அதை முன்னும் பின்னும் திருப்பினாள். அறக்கட்டளைக்கு விலாசம் இல்லை. பதிவு எண் இல்லை. அச்சகத்தின் பெயர்கூட இல்லை.

"காத்தாடி வுட ஆதார் எதுக்குய்யா?"

லோகநாதன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "கூட்டத்துல யாராச்சும் காணாம போய்ட்டா கண்டுபுடிக்கத்தான்."

"காணாம போனவன ஆதார் நம்பர வச்சி எப்டிக் கண்டுபுடிப்பாங்கோ? நெத்தில எழுதி வுடுவாங்களா?"

"தோ பார்றா, ஆரம்பிச்சிட்டா."

"யார்னே தெரியாதவன் எதுக்கு நமக்குச் சோறு போடணும்?"

"யம்மா," என்றாள் எழில்மொழி. "நாம நாலு பேரும் ஒண்ணா வெளிய போயி ரெண்டு வருஷம் ஆவுது. காணும் பொங்கலுக்குக்கூட நைனா லோடு ஓட்டப் போய்ட்டாரு. ஒரே ஒரு நாளு எதையும் நோண்டாம வாயேன்."

அந்தச் சொல் வேம்புக்குச் சுருக்கென்றது. சரி என்று தலையாட்டினாள். நோட்டீஸை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டார்கள். இலவசக் காத்தாடியில் லோகநாதனுக்கு நம்பிக்கை கிடையாது. சின்ன வயதில் தண்டையார்பேட்டை மொட்டை மாடிகளில் காத்தாடி விட்டு வளர்ந்தவன். முந்தின நாளே மூங்கில் சீவி, தாள் ஒட்டி, நடுவில் சூத்திர நூல் கட்டி, தீனாவிடம் பத்து தடவை தூக்கிப் பார்க்கச் சொல்லி ஒரு காத்தாடி செய்திருந்தான். கடற்கரைக்கு இறங்கும் இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் நூல் கண்டை வாங்கி விரலால் உருவிப் பார்த்தார்.

"மாஞ்சா எதுனா கீதா?"

"இன்னா சார், பொண்டாட்டி புள்ளைங்களோட வந்துகினு மாஞ்சா வச்சிருப்பனா? சாதா நூல் சார்."

போலீஸ்காரர் சோதித்தது வேம்புக்குப் பிடித்திருந்தது. கண்ணாடித் தூள் தடவிய மாஞ்சா நூலால் கழுத்தறுந்தவர்களின் குடும்பத்துக்கு அவளே மனு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அன்று காலையில் அவளுக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

மணலில் கூட்டம் சேர்ந்திருந்தது. பஸ் நீளத்துக்கு ஒரு துணித் திமிங்கலம் காற்றில் உப்பிக்கொண்டு மிதந்தது. எட்டுக் கால்களையும் உதறியபடி ஆக்டோபஸ் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. கடல் காற்று கரையைப் பார்த்து வீசியதால் எல்லாக் காத்தாடிகளும் ஃபேக்டரிப் புகைபோக்கிகளின் பக்கமே சாய்ந்து நின்றன. தீனா கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டுக்கொண்டு அண்ணாந்து நின்றான்.

ஷாமியானா வாசலில் மேசை போட்டு, கல்லூரிப் பெண் ஒருத்தி பரீட்சை அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மதி என்று பேர் போட்ட பேட்ஜ் குத்தியிருந்தாள். பேர், விலாசம், போன் நம்பர், ஆதாரின் கடைசி நாலு எண், கையெழுத்து. போட்டவர்களுக்குச் சாப்பாட்டுக் கூப்பன். அட்டையின் மேல்பாதியில் வண்ணக் காத்தாடி படம் போட்ட தாள் ஒன்றைக் கிளிப்பில் சொருகியிருந்தார்கள். அந்தப் படம் வேம்புவின் கண்ணை உறுத்தியது. அழகுக்கு என்றால் மேசையில் ஒட்டலாம், தூணில் ஒட்டலாம். கையெழுத்துப் போடும் தாளின் தலையில் எதற்கு?

"மேல இன்னாம்மா எழுதிகீது?"

"அட்டெண்டன்ஸ்தான்க்கா," என்றாள் மதி சிரித்துக்கொண்டே.

வேம்பு அந்தப் படத்தைத் தூக்கக் கை நீட்டுவதற்குள் லோகநாதன் குனிந்து தன் பேரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

"யோவ், இன்னான்னு பாக்காம…"

"நீயும் போடு, பின்னால ஆளுங்கோ நிக்கிறாங்கோ."

"நான் போட மாட்டேன்."

லோகநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவளைத் தனியே இழுத்து வந்து அடக்கிய குரலில் சொன்னான்: "இப்டித்தான் அன்னிக்கு ஒரு தாள்ல கையெழுத்துப் போடாம வுட்ட. ஒரு வருஷம் புள்ள கண்ணு தெரியாம குந்திகினு இருந்தான். நெனப்பு கீதா?"

அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போய்விட்டான். வேம்பு ஷாமியானா நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். நமக்குத்தான் புத்தி கெட்டுப்போய்விட்டதோ என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். ஒருவேளை உண்மையிலேயே நல்லவர்கள் யாரோ காத்தாடி விடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படியும் நடக்காதா என்ன?

ஆனால் அவள் கண் சும்மா இருக்கவில்லை. கேமரா வைத்திருந்த இரண்டு பேரும் ஒரு தடவைகூட வானத்தைப் படம் எடுக்கவில்லை. நாற்காலிகளையும் நாற்காலியில் இருந்தவர்களையுமே எடுத்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒருவர் மைக்கைப் பிடித்து, இந்தப் பகுதி வளர வேண்டும், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று பத்து நிமிடம் பேசினார். காத்தாடி என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. கடைசியில், "எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களா? சந்தோஷமா இருக்கிறவங்க ரெண்டு கையையும் தூக்குங்க பாப்போம்!" என்றார்.

மொத்தக் கூட்டமும் கையைத் தூக்கியது. கேமராக்கள் படபடவென்று எடுத்தன.

வேம்பு இரண்டு கைகளையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். கை தூக்கின போட்டோவைப் பார்க்கிறவனுக்கு என்ன கேள்விக்குத் தூக்கினார்கள் என்று எப்படித் தெரியும்?

அப்போது தீனா ஓடிவந்து அவளை எழுப்பினான். "யம்மா வா, நம்மள்து ஏறிடிச்சி, திமிங்கலத்துக்கும் மேல!" அவள் கையில் நூலைக் கொடுத்தான். நூல் உயிருள்ளதுபோல் இழுத்தது. எழில்மொழி பின்னால் நின்று, "வுடும்மா, இன்னும் வுடு, டைட்டா புடிக்காத" என்று கத்தினாள். வேம்பு விரலைத் தளர்த்தினாள். காத்தாடி குபுக்கென்று மேலே போனது. அவளுக்கே தெரியாமல் சிரித்துவிட்டாள். தூரத்தில் நின்ற லோகநாதன் அதைப் பார்த்தான். கோபம் மறந்து பல்லைக் காட்டினான். அரை மணி நேரம் அவர்கள் நாலு பேரும் சண்டையில்லாமல் நின்றார்கள். அந்த வருடத்திலேயே அதுதான் அவர்களுக்கு நல்ல நேரம் என்று எழில்மொழி பின்னால் சொல்வாள்.

சாப்பாட்டு நேரம் ஆனது. கூப்பன் இல்லாததால் வேம்பு வரிசையின் ஓரத்தில் நின்றாள். மேசையில் மதியின் அட்டை நிரம்பிவிட்டது. அடையாள அட்டைக்காரர் வந்து கிளிப்பைத் திறந்தார். காத்தாடி படத்தை எடுத்து அடுத்த அட்டையில் சொருகினார். நிரம்பிய தாள்களைக் கோப்பில் வைக்கத் தட்டி அடுக்கினார். இரண்டே நொடிதான். தாள்கள் வேம்புவுக்குத் தலைகீழாக இருந்தன. அது அவளுக்கு ஒரு தடையா? '…கிடங்கு விரிவாக்கம் – பொதுமக்கள் கருத்துக்கேட்பு – கலந்துகொண்டு…' என்பதுவரை படித்துவிட்டாள். கோப்பு மூடிவிட்டது.

சரியாகத்தான் படித்தோமா என்று முதலில் தன்மேலேயே சந்தேகப்பட்டாள். நேராக மேசைக்குப் போனாள்.

"நான் இன்னும் கையெழுத்துப் போடலம்மா. பேனா குடு."

மதி அட்டையை நகர்த்தினாள். வேம்பு பேனாவை வாங்கி, மறு கையால் காத்தாடி படத்தைத் தூக்கினாள். கீழே அச்சடித்த எழுத்தில் இருந்தது: 'வாயு சேமிப்புக் கிடங்கு விரிவாக்கம் – பொதுமக்கள் கருத்துக்கேட்பு – கலந்துகொண்டு சம்மதம் தெரிவித்தோர் பட்டியல்.'

மதியும் குனிந்து படித்தாள். அவள் முகம் வெளிறியது. "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. காத்தாடி ஃபெஸ்டிவல் வாலன்டியர்னுதான் காலேஜ்ல அனுப்புனாங்க."

"உன்ன ஒண்ணும் சொல்லலம்மா."

அடையாள அட்டைக்காரர் வேகமாக வந்தார். "மேடம், அது பழைய தாள். வீணாக்க வேணாம்னு யூஸ் பண்றோம். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

வேம்பு தாளின் வலது மூலையில் விரலை வைத்தாள். "பழசா? இன்னிக்குத் தேதில்ல சார் அடிச்சிகீது."

அவர் அட்டையை எடுக்கக் கை நீட்டினார். வேம்பு விடவில்லை. சத்தம் போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வழக்கமாகக் கடையில் செய்வதையே செய்தாள். பேரை எழுதினாள், தெருவை எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். பக்கத்திலேயே கட்டமெல்லாம் தாண்டி அழுத்தமாக எழுதினாள்: 'காத்தாடி விட வந்தேன். கிடங்குக்கு எனக்குச் சம்மதம் இல்லை.'

பின்னால் நின்ற மீன்காரம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா எழுதற?" என்று கேட்டாள். வேம்பு தலைப்பிலிருந்து தன் வரிவரை சத்தமாகப் படித்துக் காட்டினாள். மீன்காரம்மா கையிலிருந்த கூப்பனை மேசைமேல் போட்டாள்.

"அன்னிக்கு நம்மள ஓட வுட்டானே, அவனா இவன்? எனக்கும் அதையே எழுதிக் குடும்மா. நான் கைநாட்டு."

அப்புறம் வரிசை கலையவில்லை, நீண்டது. பிரியாணிப் பொட்டலங்கள் ஒருபக்கம் ஆறிக்கொண்டிருந்தன. வேம்பு ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டு, விலாசம் கேட்டு, அதே வரியை எழுதினாள். கைநாட்டு வைக்கத் தன் பையிலிருந்த மைப்பெட்டியை எடுத்து வைத்தவள், மறக்காமல் ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். மதி எழுந்து போய்விடவில்லை. தாள் பறக்காமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்தைப் பார்த்து லோகநாதன் வந்தான். விஷயம் அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கோப்போடு வேனை நோக்கிப் போன அடையாள அட்டைக்காரர் பின்னால் ஓடினான். "சார், என் பேரு அதுல கீது. கோடு போட்டு அடிச்சிட்டுப் போங்க சார்!" வேன் கதவு சாத்திக்கொண்டது. மணலில் சக்கரம் சுழன்று ரோட்டில் ஏறிப் போய்விட்டது. திரும்பி வந்தவன் மனைவியின் பக்கத்தில் நின்றான். காற்றில் அவள் முந்தானை பறந்து தாளை மறைத்தது. அதை எடுத்து அவள் தோளில் போட்டான். வீட்டுக்கு வரும்வரை அவன் அவ்வளவுதான் செய்தான்.

எழுதிய தாள்களை அன்று சாயங்காலமே திருவிழாக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போனில் எடுத்த படங்களை வேம்பு மறுநாளே கடையில் அச்செடுத்தாள். மனுவோடு சேர்த்துக் கலெக்டர் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஷாகுல் பாய் இரண்டு பிரதி கூடுதலாக எடுத்துத் தன் பீரோவில் வைத்தார். "ஒண்ணு தொலையும்மா. ரெண்டா வச்சிக்கோ," என்றார்.

பங்குனி பிறந்ததும் முறையான கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். லோகநாதன் லோடு ஓட்டாமல் லீவு போட்டுக்கொண்டு வந்தான். மேடைக்குக் கீழே ஒரு மேசையில், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று கிடங்கு கட்டும் கம்பெனியின் ஆவணங்களை வைத்திருந்தார்கள். வேம்பு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஏழாவது இணைப்பில் சம்மதம் தெரிவித்தோர் பட்டியல் இருந்தது. இருநூற்று முப்பத்தாறு பேர். நாற்பத்தொன்றாவது லோகநாதன். கை தூக்கிய கூட்டத்தின் போட்டோவும் இருந்தது. அவள் எழுதிய தாள் ஒன்றுகூட இல்லை.

அவள் எதிர்பார்த்ததுதான். புருஷனைக் கூப்பிட்டு அவன் பேரைக் காட்டினாள். அவன் அந்தக் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு யாரும் கூப்பிடாமலே மைக்குக்குப் போனான். மேடை ஏறிப் பேசியே பழக்கமில்லாதவன். மைக்கை இரண்டு கையாலும் ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டான்.

"சார், நாப்பத்தொண்ணாவது பேரு என்னுது. கையெழுத்தும் என்னுதுதான். பிரியாணிக்குப் போட்டன் சார். படிக்காம போட்டன். என் பொண்டாட்டி படிக்காம போட மாட்டேன்னு சொன்னா, அதுக்கு அவள்ட்ட சண்ட போட்டன். அத எடுத்துடுங்க."

மண்டபம் முதலில் சிரித்தது. அப்புறம் பின்வரிசையில் ஒருத்தர் எழுந்து, "என் பேரும் பாருங்க சார்" என்றார். மீன்காரம்மா எழுந்தாள். ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். வேம்பு போய்த் தன் படங்களைக் கூட்டத்தை நடத்திய அதிகாரி முன்னால் வரிசையாக வைத்தாள். அவர் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். கம்பெனி ஆட்களின் பக்கம் ஒரு தடவை திரும்பினார். அந்தப் பட்டியலைக் கணக்கில் எடுப்பதற்கில்லை, இதையும் அறிக்கையில் பதிவு செய்யுங்கள் என்று கிளார்க்கிடம் சொன்னார்.

அதோடு எல்லாரும் கிளம்பினார்கள். வேம்பு கிளம்பவில்லை. பதிவு செய்ததைப் படிக்க வேண்டும் என்றாள். கிளார்க் முகத்தைச் சுளித்துக்கொண்டு லேப்டாப்பைத் திருப்பினார். 'சிலர் ஆட்சேபம் தெரிவித்தனர்' என்று இருந்தது.

"சிலர் இல்ல சார். அன்னிக்கு எழுதிக் குடுத்தவங்கோ நூத்திப் பத்து பேரு. நான் எண்ணிட்டுத்தான் வந்தன். அதையே போடுங்க."

ஃபேன்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே டீக்கடையில் நின்றிருந்த லோகநாதன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். வா என்று கூப்பிடவில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு கிளார்க் திருத்திய பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தார். வேம்பு நின்றபடியே மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள். கிடங்கின் கதி என்ன ஆகும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இன்றுவரை முடிவு வரவில்லை. கிளார்க் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றார். அவள் இரண்டாவது பக்கத்துக்குத் திருப்பினாள்.